ஏடும் கணக்கேடும்

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், ஸ்டீவன்ஸ் பாயின்ட் என்னும் சிறுநகரில் அமைந்த அரசுப் பல்கலைக்கழகம் 2018 மார்ச்சில் ஓர் அறிவிப்பை வெளியிட்டது. ஆங்கிலம், வரலாறு, மெய்யியல் உள்ளிட்ட 13 பட்டப் படிப்புகள் கைவிடப்படும். மேலாண்மை, சந்தையியல், நிதி போன்ற துறைகள் விரிவாக்கப்படும் என்பது அதன் சாரம். மாணவரும் ஆசிரியரும் எதிர்த்து எழுந்தனர். திட்டம் படிப்படியாகச் சுருங்கி, மறுஆண்டு முற்றாகக் கைவிடப்பட்டது. அதற்கு மூன்றாண்டு முன்னர், 2015இல், அதே மாநிலத்தின் ஆளுநர் ஸ்காட் வாக்கர் கொணர்ந்த வரவுசெலவுத் திட்ட வரைவு, மாநிலப் பல்கலைக்கழக அமைப்பின் குறிக்கோளாகச் சட்டத்தில் பொறிக்கப்பட்டிருந்த உண்மை தேடலை நீக்கிவிட்டு, மாநிலத்தின் தொழிலாளர் தேவையை நிறைவுசெய்தலை அவ்விடத்தில் வைத்தது. கண்டனம் வலுக்கவே அதுவும் திரும்பப் பெறப்பட்டது. எதிர்ப்பு வெல்லாத இடமும் உண்டு. 2023 செப்டம்பரில் மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகம் 28 பட்டப் படிப்புகளையும் 143 ஆசிரியப் பணியிடங்களையும் ஒழிக்க முடிவுசெய்தது. பிறமொழிப் படிப்புகளும் அவ்வெட்டுக்கு இரையாயின.

இவ்வறிவிப்புகள் அனைத்திலும் மறைந்து நிற்பது ஒரே எண்ணம். இலக்கியம் படிப்போர் ஒருசாரார், தொழில் செய்யப் புறப்படுவோர் வேறொருசாரார்; பொதுப்பணம் பின்னவர்க்கே உரியது என்னும் எண்ணம் அது. அது தவறென்பது நம் உறுதியான கருத்து. அமெரிக்க இலக்கியத்தையும் சிறுதொழில் முனைவையும் ஒரே மாணவரின் கையில் கொடுப்பது அந்நாட்டுக் கல்லூரிகளின் கடமை. உழைக்கும் குடிகளின் பிள்ளைகள் பயிலும் ஈராண்டுச் சமுதாயக் கல்லூரிகளுக்கோ அது தலையாய கடமை. கடலுக்கு அப்பால் நிகழும் வழக்கு நமக்கெதற்கு என்று கேட்பாரும் இருக்கலாம். நம் கல்லூரிகளில் இளங்கலை ஆங்கிலத்துக்கு அமெரிக்க இலக்கியம் ஒரு தாள். வணிகவியலுக்குத் தொழில்முனைவு ஒரு தாள். இரு வகுப்பாரும் ஒருவர் பாடநூலை ஒருவர் புரட்டியும் பாராமல் பட்டம் பெற்றுச் செல்கின்றனர். எனவே இவ்வழக்கில் நமக்கும் பங்குண்டு.

அமெரிக்கா தன் உயர்கல்விக்கு இட்ட அடித்தளத்தில் இப்பிளவு இல்லை. உள்நாட்டுப் போரில் நாடு இரண்டுபட்டுக் கிடந்த 1862 ஜூலை 2 அன்று ஆபிரகாம் லிங்கன் கையொப்பமிட்ட மோரில் சட்டம், நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவருக்கு 30,000 ஏக்கர் என்ற கணக்கில் மாநிலங்களுக்கு நிலம் வழங்கி, அதன் வருவாயில் கல்லூரி நிறுவச் செய்தது. வேளாண்மையும் பொறிவினையும் அக்கல்லூரிகளின் முதற்பாடங்கள். ஆயினும் பிற அறிவியலையும் செவ்வியற் கல்வியையும் விலக்கலாகாது என்று சட்டமே விதித்தது. உழைக்கும் வகுப்பாருக்குப் பரந்த கல்வியும் பயன்தரு கல்வியும் சேர்ந்தே கிட்டவேண்டும் என்று அதை இயற்றியோர் கருதினர். அந்நிலம் தொல்குடி மக்களிடமிருந்து பறிக்கப்பட்டது என்பதை மறைத்துவிட்டு அச்சட்டத்தைப் போற்றுவது அறமாகாது. அவ்வாறு பெற்ற நிலத்தின் பயனால் 1867இல் பிறந்ததே மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகம். அத்தகைய நிறுவனம் தன் பிறப்புச் சட்டம் இட்ட கட்டளையின் ஒரு பாதியைக் கழித்துக்கட்ட முற்பட்டது எளிதில் பொறுத்துக்கொள்ளத் தக்கதன்று.

ஏட்டுக் கல்வியா, தொழிற்கல்வியா என்னும் வினாவை அந்நாட்டில் மிக ஆழமாக உரசிப் பார்த்தவர்கள் கறுப்பின அறிஞர் இருவர். அடிமையாய்ப் பிறந்த புக்கர் வாஷிங்டன் 1881இல் அலபாமாவின் டஸ்கீகியில் தொழிற்பயிற்சிக் கல்விநிலையம் ஒன்றை நடத்தத் தொடங்கினார். மாணவரைக் கொண்டே செங்கல் அறுத்துக் கட்டடம் எழுப்ப முனைந்தார். மூன்று சூளைகள் அடுத்தடுத்துப் பாழாயின. நான்காவதற்குக் கையில் காசில்லை. தம் கடிகாரத்தை 15 டாலருக்கு அடகுவைத்தார்; அந்தச் சூளை வென்றது. 1901இல் வெளிவந்த தன்வரலாற்றில் இதனை எழுதிய அவர், அதே நூலில், அழுக்குடையோடு களைமண்டிய குடிலில் அமர்ந்து பிரெஞ்சு இலக்கணம் படித்த ஓர் இளைஞனைக் கண்டு மனம் வருந்தியதையும் எழுதினார். முதலில் வீடும் வயிறும், இலக்கணம் பிறகு என்பது அவர் கொள்கை.

1903இல் டபிள்யூ. இ. பி. டு பாய்ஸ் அக்காட்சியை எடுத்துக்கொண்டே அவரை மறுத்தார். உயர்கல்வியைக் கைவிடும் இனம் தனக்கு ஆசிரியரைத் தரும் ஊற்றையே அடைத்துக்கொள்ளும். கல்லூரிகளில் பரந்த கல்வி பெற்றவர்கள் இல்லையேல் டஸ்கீகி நிலையமே ஒருநாளும் நடவாது என்றார். இவ்வாறு கூறியவர் வணிகத்தை வெறுத்தவர் அல்லர். கறுப்பினத்தாரின் வணிகம் பற்றி அட்லாண்டா பல்கலைக்கழகம் 1899இல் வெளியிட்ட ஆய்வைப் பதிப்பித்தவரே அவர்தாம். மறுஆண்டு வாஷிங்டன் கறுப்பின வணிகர்களுக்கென நாடளாவிய கழகம் ஒன்றை நிறுவினார். இருவரும் கடையை விரும்பினர். கடைக்கு முன்னும் பின்னும் என்ன வேண்டும் என்பதிலேதான் மாறுபட்டனர். நம் மனம் டு பாய்ஸ் பக்கம் சாய்கிறது. ஆயினும் அடகுக்குச் சென்ற அந்தக் கடிகாரத்தை மறந்துவிட்டு அவர் பக்கம் நிற்பது இயலாது. சூளையில் வெந்த கல்லால் எழுந்த வகுப்பறையிலேயே அந்த இளைஞன் இலக்கணமும் படித்திருக்கலாம். அதனால் எவருக்கும் இழப்பில்லை.

இத்தகைய வகுப்பறையாகவே சமுதாயக் கல்லூரி உருப்பெற்றது. 1901இல் இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட் நகரில், உயர்நிலைப் பள்ளித் தலைவர் ஸ்டான்லி பிரௌனும் சிகாகோ பல்கலைக்கழகத் தலைவர் வில்லியம் ரெய்னி ஹார்ப்பரும் சேர்ந்து தொடங்கிய ஈராண்டுக் கல்லூரியில் முதலில் சேர்ந்தவர் அறுவரே. இரண்டாம் உலகப் போர் அதன் நிலையை மாற்றியது. போர்வீரர் மறுவாழ்வுக்கென 1944இல் இயற்றப்பட்ட சட்டம், வீடு திரும்பிய வீரருக்குக் கல்விக் கட்டணத்தையும், வீடோ பண்ணையோ தொழிலோ தொடங்கப் பெறும் கடனுக்கு அரசின் பொறுப்புறுதியையும் ஒருசேர வழங்கியது. குடியரசுத் தலைவர் ட்ரூமன் அமைத்த உயர்கல்விக் குழு, 1947இல், ஊர்தோறும் சமுதாயக் கல்லூரி வேண்டும் என்றும், அங்கே தொழிற்கல்வியும் பொதுக்கல்வியும் இணைந்து நடக்கவேண்டும் என்றும் பரிந்துரைத்தது. அவ்வாண்டு பிப்ரவரியில்தான் ஹார்வர்டு வணிகப் பள்ளியில் மைல்ஸ் மேஸ் என்னும் பேராசிரியர் புதுத்தொழில் மேலாண்மை குறித்த முதற்பாடத்தைத் தொடங்கினார். சேர்ந்த 188 மாணவருள் போரிலிருந்து மீண்டோர் மிகுதி. அமெரிக்கக் கல்லூரிகளில் தொழில்முனைவுப் பாடம் அங்கிருந்து வேர்விட்டது. 1953இல் சிறுதொழிலுக்கென நடுவண் அரசு தனி நிறுவனமே கண்டது.

இனி இலக்கியத்தின் உள்ளே புகுவோம். 1854இல் வெளியான தோரோவின் 'வால்டன்' காட்டில் தனித்து வாழ்ந்த ஒருவரின் துறவுநூல் என்றே பலரும் எண்ணியிருக்கின்றனர். அதன் முதல் இயலோ செலவுக் கணக்குப் பற்றியது. குளக்கரையில் தாமே கட்டிய குடிலுக்கான பட்டியலை அரைக் காசும் பிசகாமல் தோரோ தருகிறார். பலகைக்கு 8 டாலர் மூன்றரை சென்ட். பழைய செங்கல் ஆயிரத்துக்கு 4 டாலர். கண்ணாடியோடு பழைய சாளரம் இரண்டுக்கு 2 டாலர் 43 சென்ட். ஆணிக்கு 3 டாலர் 90 சென்ட். சுண்ணக்கட்டிக்கு ஒரு சென்ட். மொத்தம் 28 டாலர் பன்னிரண்டரை சென்ட். பயிர் விளைவித்ததில் வரவு 23 டாலர் 44 சென்ட், செலவு 14 டாலர் எழுபத்திரண்டரை சென்ட், மிச்சம் 8 டாலர் எழுபத்தொன்றரை சென்ட். பென்சில் செய்து விற்ற குடும்பத்தில் வளர்ந்து, காரீயத் தூளைக் களிமண்ணோடு கலக்கும் முறையால் அப்பென்சிலின் தரத்தை உயர்த்தியவர் அவர். தம் முதல் நூலைத் தம் பொறுப்பில் 1,000 படிகள் அச்சிட்டு, அவற்றுள் 706 படிகள் நான்காண்டுக்குப் பின் விற்காமல் வீடு வந்து சேர்ந்ததையும் கண்டவர். இன்று எந்தத் தொழில்முனைவு வகுப்பும் கற்பிக்கும் வரவுசெலவு அறிக்கை அந்நூலில் உள்ளது. அவ்வகுப்பு கேளாத ஒரு வினாவும் உள்ளது: இப்பொருளைப் பெறுவதற்கு என் வாழ்நாளில் எவ்வளவைக் கொடுத்தேன்?

தோரோ தனியொருவர் அல்லர். வால்ட் விட்மன் தம் கவிதைத் தொகுதியை 1855இல் புரூக்ளின் அச்சகமொன்றில் தாமும் எழுத்துக்கோத்துத் தம் செலவில் வெளியிட்டார். மார்க் ட்வெய்ன் பதிப்பகம் நடத்தினார். படைத்தலைவர் கிராண்டின் நினைவுக் குறிப்புகளை வெளியிட்டு அவருடைய கைம்பெண்ணுக்கு 200,000 டாலர் காசோலை வழங்கினார். பின்னர் எழுத்துக்கோக்கும் பொறியொன்றில் பெரும்பொருளைக் கொட்டி இழந்து 1894இல் நொடித்தார். சட்டம் வற்புறுத்தாத கடனையும் தீர்ப்பதென உறுதிபூண்டு உலகெங்கும் சொற்பொழிவாற்றப் புறப்பட்டார். அப்பயணத்தில்தான் 1896இல் கொழும்பிலும் இந்திய நகரங்களிலும் அவர் குரல் ஒலித்தது. 1898க்குள் கடன் முழுதும் தீர்ந்தது.

எழுதியோர் வாழ்வில் மட்டுமன்று, எழுதப்பட்ட நூல்களிலும் கடைக்காரர் இருக்கிறார். பெர்னார்டு மாலமூடு 1957இல் எழுதிய 'உதவியாள்' என்னும் புதினத்தை எடுத்துக்கொள்வோம். புரூக்ளினில் நொடித்துவரும் மளிகைக்கடை ஒன்று. அதன் உரிமையாளர் மோரிஸ் போபர். விடிவதற்கு முன்னரே மூன்று சென்ட் ரொட்டி வாங்க வரும் போலந்துப் பெண்ணுக்காக அவர் எழுந்து கடை திறக்கிறார். அருகிலேயே பகட்டான புதிய கடை எழுந்து அவருடைய வாடிக்கையாளரை ஈர்த்துக்கொள்கிறது. மாலமூடின் தந்தையும் புரூக்ளினில் மளிகை நடத்தியவரே. அக்கடையின் குளிரும் நீண்ட வேலைநேரமும் அந்நூலின் ஒவ்வொரு பக்கத்திலும் உறைந்துள்ளன. 'போட்டியாளர் பகுப்பாய்வு' என்று பாடநூல் ஒரு பத்தியில் முடிக்கும் செய்தியை, எதிர்க்கடையின் வெளிச்சத்தைப் பார்த்தவாறு காலியான கல்லாவுக்குப் பின்னே அமர்ந்திருக்கும் மனிதராக நம் முன் நிறுத்துகிறது இப்புதினம். அந்த ரொட்டிக்காக எழுவது இலாபக் கணக்கில் அடங்காது. ஆனால் அதை எழுதாமல் விட்டால் சிறுவணிகம் என்பது என்னவென்றே விளங்காது.

லொரெய்ன் ஹான்ஸ்பெரியின் 'வெயிலில் ஓர் உலர்திராட்சை' 1959இல் பிராட்வேயில் அரங்கேறியது. கறுப்பினப் பெண்ணொருவர் எழுதி அங்கு அரங்கேறிய முதல் நாடகம் அது. சிகாகோவின் தென்பகுதியில் நெருக்கமான குடியிருப்பில் ஒரு குடும்பம். தந்தை இறந்ததால் வரும் காப்பீட்டுத் தொகை 10,000 டாலர். கார் ஓட்டிப் பிழைக்கும் மகன் வால்டருக்கு மதுக்கடை தொடங்க ஆசை. தாய் 3,500 டாலரை வீட்டுக்கு முன்பணமாகக் கட்டிவிட்டு, எஞ்சியதை மகனிடம் ஒப்படைக்கிறாள். அதில் 3,000 மகளின் மருத்துவக் கல்விக்கு. வால்டர் அதையும் சேர்த்துக் கூட்டாளியிடம் கொடுக்கிறான்; உரிமம் விரைவில் கிடைக்க அதிகாரிகளுக்குக் கையூட்டு வேண்டும் என்பது பேச்சு. கூட்டாளி பணத்தோடு மறைந்துவிடுகிறான்.

பங்காளி ஒப்பந்தம், உரிமம், முதலீட்டுத் திரட்டல், இடர் மதிப்பீடு எனத் தொழில்முனைவுப் பாடத்தின் இயல்கள் அத்தனையும் அந்நாடகத்தில் உள்ளன. ஒப்பந்தத்தை எழுத்தில் பெறாமல் காசு கொடுக்கலாகாது என்று வால்டருக்கு ஓர் ஆசிரியர் சொல்லியிருந்தால் அக்குடும்பம் தப்பியிருக்கும். எனவேதான் அப்பாடத்தை நாம் இகழவில்லை. ஆயினும் முதலீடு என்று பாடநூல் சொல்வது அங்கே ஒரு தந்தை உழைத்தே மாண்டதன் விலை. வங்கி கடன் கொடாத குடும்பங்களில் முதலீடு எப்போதும் யாரேனும் ஒருவரின் வாழ்வாகவே இருக்கிறது: தங்கையின் படிப்பாக, தாயின் வீடாக. ஹான்ஸ்பெரியின் தந்தை கார்ல், சிகாகோவில் வீடு வாடகைக்கு விடும் தொழில் செய்தவர். வெள்ளையர் பகுதியில் வீடு வாங்கியதற்காக வழக்கில் இழுக்கப்பட்டு, 1940இல் உச்சநீதிமன்றத்தில் வென்றவர். வணிகமும் உரிமைப் போரும் ஒரே வீட்டில் நடப்பதைக் கண்டு வளர்ந்த பெண் எழுதிய நாடகம் அது.

அமெரிக்காவில் புதிதாகத் தொடங்கும் தொழில்களுள் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று முதலாண்டிலேயே மூடப்படுகிறது. ஐந்தாண்டுக்குள் பாதி மறைகிறது. அந்நாட்டுத் தொழிலாளர் புள்ளியியல் துறை ஆண்டுதோறும் வெளியிடும் கணக்கு இது. தொழில்முனைவு வகுப்புகளோ பெரும்பாலும் வென்றோர் வரலாற்றையே ஓதுகின்றன. நாட்காட்டி விற்ற அச்சுத்தொழிலாளியாய் இருந்து, 42ஆம் அகவையில் போதிய செல்வத்தோடு தொழிலைத் துறந்த பெஞ்சமின் பிராங்க்ளின் வரலாறு அவற்றுக்கு முன்மாதிரி. அவர் வகுத்த நாளொழுங்கை நினைவூட்டும் பட்டியல் ஒன்றைப் பழைய கதைநூலின் கடைசி வெற்றுத்தாளில் எழுதிவைத்த ஏழைச்சிறுவன் என்ன ஆனான் என்பதைப் பிட்ஸ்ஜெரால்டு 1925இல் 'கேட்ஸ்பி' என்னும் புதினத்தில் எழுதினார். பிராங்க்ளினைப் படித்துவிட்டுக் கேட்ஸ்பியைப் படியாத மாணவரைக் கடன்வாங்க அனுப்புவது பொறுப்பான கல்வியாகாது. கடை மூடும் நாளில் தொழிலாளிக்குக் கொடுக்கவேண்டியது எவ்வளவு, கடன்காரர் முகத்தில் எவ்வாறு விழிப்பது, மனைவி மக்களிடம் உண்மையை எப்போது சொல்வது என்பன எந்தத் தொழில்திட்ட அறிக்கையிலும் இடம்பெறுவதில்லை. 1885இல் ஹோவெல்ஸ் எழுதிய புதினத்தில் வண்ணப்பூச்சு உற்பத்தியாளர் சைலஸ் லேப்பம், பயனற்ற சொத்தைப் பிறர் தலையில் கட்டித் தப்ப வழியிருந்தும் மறுத்து நொடிகிறார். அந்த மறுப்பை எடைபோட்டுப் பார்க்க வகுப்பறையில் ஒருமணி நேரமேனும் வேண்டும்.

குற்றம் ஒருபக்கம் மட்டும் இல்லை. இலக்கியத் துறையினரிடம் கடைத்தெருவைக் கீழாக நோக்கும் பழக்கம் உண்டு. அமெரிக்க இலக்கியமே ஒருகாலத்தில் கல்லூரி வாயிலில் காத்துக்கிடந்த பாடம் என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்கவேண்டும். ஆங்கிலேயர் எழுதியதே இலக்கியம், தம் நாட்டார் எழுதியது பாடமாகத் தகாது என்ற கருத்து அங்கு நெடுங்காலம் வேரூன்றியிருந்தது. அத்துறைக்கென டியூக் பல்கலைக்கழகத்திலிருந்து ஆய்விதழ் வெளிவரத் தொடங்கியது 1929இல்தான். நியூயார்க் சுங்கத்துறையில் 19 ஆண்டுகள் ஊழியம் பார்த்து, 1891இல் ஏறக்குறைய மறக்கப்பட்டவராய் மறைந்த ஹெர்மன் மெல்வில், 1920களில்தான் மீட்டெடுக்கப்பட்டார். விலக்கப்பட்டிருந்து உள்ளே வந்த ஒரு பாடம், இன்று வேறொன்றை விலக்க நினைப்பது தகுமா?

வேறொரு கேடும் வளர்ந்துவருகிறது. இலக்கியப் பாடத்தைக் காக்க விரும்பும் சிலர், அது தகவல்தொடர்புத் திறனை வளர்க்கும், விற்பனைக்கு உதவும் என்றெல்லாம் சொல்லி அதனை விற்க முற்படுகின்றனர். அவ்வழியில் காக்கப்படும் இலக்கியம் இலக்கியமாக நிலைக்காது. மாலமூடைப் படித்தவர் நல்ல மளிகைக்காரர் ஆவார் என்று நாம் உறுதி கூறவில்லை. மளிகைக்காரர் ஆகப்போகிறவருக்கும் மாலமூடைப் படிக்கும் உரிமை உண்டு என்கிறோம். பெருஞ்செல்வர் வீட்டுப் பிள்ளைக்கு ஹார்வர்டில் கேளாமலே கிடைக்கும் அவ்வுரிமை, பகலில் தச்சுவேலை பார்த்துவிட்டு மாலையில் சமுதாயக் கல்லூரிக்கு வருபவருக்கு ஏன் வீண்செலவாகத் தோன்றவேண்டும்?

வேலைக்கும் வகுப்புக்கும் இடையே ஓடுபவருக்கு நேரமில்லை என்பதும், கல்விக்கடன் நாடு முழுதும் 1.6 இலட்சம் கோடி டாலரைக் கடந்துவிட்டது என்பதும் உண்மையான கவலைகளே. அவற்றை நாம் சிறிதாகக் கருதவில்லை. ஆனால் நேரமும் பணமும் குறைந்தவருக்குக் கல்வியையும் குறைத்துக் கொடுப்பது அக்கவலைகளுக்கு விடையாகாது. 60 மதிப்பலகு கொண்ட தொழில்சார் ஈராண்டுப் பட்டத்தில் பொதுக்கல்விக்குப் பல இடங்களில் 15 அலகுகளே ஒதுக்கப்படுகின்றன. கட்டுரை எழுதலும் கணிதமும் பிறவும் போக, கலை இலக்கியத்துக்கு எஞ்சுவது பெரும்பாலும் ஒரு பாடம். அந்த ஒரு பாடத்தையும் பெயருக்கு முடித்துவிட்டுப் போகும் சடங்காக்கிவிட்டனர். தொழில்முனைவுச் சான்றிதழுக்குப் படிப்போர் அனைவருக்கும் அமெரிக்க இலக்கியத்தை அவ்விடத்தில் கட்டாயமாக்கலாம். ஒரு பருவமேனும் இரு துறை ஆசிரியரும் ஒரே வகுப்பில் நின்று, வால்டரின் 6,500 டாலரைக் கணக்காகவும் நாடகமாகவும் மாணவரோடு சேர்ந்து ஆராயலாம். இலக்கிய மாணவரும் மறுபுறம் ஒரு கடையின் வரவுசெலவு ஏட்டைப் படிக்கக் கற்கவேண்டும். தோரோவின் பட்டியலைக் கணக்காகப் படிக்கத் தெரியாதவருக்கு அவ்வியலின் பாதி பிடிபடாது.

இவற்றையெல்லாம் யார் செய்வது என்ற இடத்தில்தான் பேச்சு கடுமையாக வேண்டியுள்ளது. சமுதாயக் கல்லூரி ஆசிரியருள் பெரும்பாலோர் பகுதிநேரத்தினர். பருவத்துக்குப் பருவம் ஒப்பந்தம். அடுத்த பருவம் வகுப்பு உண்டா என்பது மாணவர் சேர்க்கை முடியும்வரை தெரியாது. ஒரே வாரத்தில் இரண்டு மூன்று கல்லூரிகளுக்குத் தம் வண்டியில் ஓடிக் கற்பிப்போர் பலர். மாணவரோடு அமர்ந்து பேச அவர்களுக்கென ஓர் அறையும் இராது. சிறுகடைக்காரரின் நிலையாமையைப் பற்றி வகுப்பில் விளக்குபவரே அதைவிட நிலையற்ற பிழைப்பில் நிற்கிறார். இரு துறைகளை இணைத்துப் பாடம் வகுக்கும் உழைப்பை ஊதியமின்றி அவரிடம் எதிர்பார்ப்பது கொடுமை. முழுநேரப் பணியிடங்களைத் தோற்றுவிக்கவும், பாடம் வகுக்கும் நேரத்துக்கு ஊதியம் வழங்கவும் மாநிலச் சட்டமன்றங்கள் நிதி ஒதுக்கவேண்டும். படிப்புகளை மூடிச் சேமித்த தொகையைப் பெருமையோடு அறிவிக்கும் கல்லூரி ஆட்சிக்குழுக்கள், அத்தொகையில் எவ்வளவு ஆசிரியருக்குச் சென்றது என்பதையும் அதே அவையில் கணக்குக் காட்டவேண்டும்.